சக்கர நாற்காலிக்கு சாய்தளம் இருக்கு... காதுக்கு? ஆட்டிசம் உள்ளவர்களை ஆற்றுவது எது? நெய்வேலி நகரியத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

வங்கி, தாலுகா ஆபீஸ், ரயில் நிலையம் என எங்கே போனாலும் வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இல்லையென்றால் அது குறை என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்காவது நாடு வந்திருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டுகளும் உண்டு. காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர், விட்டு விட்டு மினுக்கும் டியூப்லைட், இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம், ஒரே நேரத்தில் வரும் பத்து வாசனைகள். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒரு இடத்துக்குள் நுழைய முடியாமல் போவது இவற்றால்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி என்பது வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு கேள்வி முக்கியமாகிறது. அணுகல் என்றால் சாய்தளமும் லிஃப்டும் மட்டும்தானா? சத்தத்தாலும் வெளிச்சத்தாலும் தடுக்கப்படுகிறவர்களுக்கு என்ன வழி?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், பிரச்சினை என்ன?

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என ஐம்புலன் என்று படித்திருப்போம். இவற்றோடு இன்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள் நிபுணர்கள். உடல் சாய்கிறதா, சுழல்கிறதா என்று சொல்லும் சமநிலை உணர்வு. கை, கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்லும் தசை, மூட்டு உணர்வு. பசி, தாகம், சிறுநீர் வரும் உணர்வு போன்றவற்றைத் தெரிவிக்கும் உள்ளுடல் உணர்வு.

இத்தனை வழிகளில் வரும் தகவல்களில் எது முக்கியம், எதை விட்டுத்தள்ளலாம் என்று மூளை ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கிறது. ஃபேன் ஓடும் சத்தம் பத்து நிமிடத்தில் நமக்குக் கேட்காமல் போவது இதனால்தான். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த வடிகட்டும் வேலை வேறு மாதிரி நடக்கிறது. ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, டீச்சர் பேசுவது, வெளியே பைக் போவது எல்லாம் ஒரே அளவில் வந்து மோதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதில் இரண்டு பக்கமும் உண்டு. சிலருக்கு உணர்வு அதிகம்: சட்டை காலரில் இருக்கும் லேபிள் முள்போலக் குத்தும், தலை சீவினால் வலிக்கும். சிலருக்குக் குறைவு: காலில் அடிபட்டது தெரியாது, கொதிக்கும் வெயிலில் நின்றாலும் தாகம் எடுத்ததாகச் சொல்லத் தெரியாது. ஒரே குழந்தைக்கு சத்தத்தில் அதிகமாகவும் வலியில் குறைவாகவும் இருக்கலாம். காலையில் தாங்கிய சத்தத்தை மாலையில் தாங்க முடியாமலும் போகலாம்.

இது மருத்துவ உலகிலும் தாமதமாகத்தான் பதிவானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான், புலன்களின் மிகை அல்லது குறை எதிர்வினை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2021-ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஒவ்வொரு பெரிய பள்ளியிலும், ஒவ்வொரு குடியிருப்பிலும் இப்படி ஒருவராவது இருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடமா? மெல்ட்டவுனா?

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினால், சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க", "ரெண்டு போட்டா சரியாயிடும்". இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காத பெற்றோர் அநேகமாக இல்லை.

அடம் என்றால் அதற்கு ஒரு குறி இருக்கும். பொம்மை வேண்டும், சாக்லேட் வேண்டும். கிடைத்ததும் நின்றுவிடும். பார்க்க ஆள் இல்லையென்றாலும் நின்றுவிடும். மெல்ட்டவுன் அப்படியல்ல. தாங்கும் அளவைத் தாண்டி சுமை ஏறியதால் உடலும் மனமும் கட்டுப்பாட்டை இழக்கும் நிலை அது. யாரும் பார்க்காவிட்டாலும் தொடரும், கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. சிலர் கத்தாமல், பேச்சற்று, அசைவற்று உள்ளே ஒடுங்கிப்போவார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். சத்தம் போடாததால் "சமத்தா இருக்கான்" என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படும் நிலையும் இதுதான்.

அந்த நேரத்தில் அடிப்பதும், மிரட்டுவதும், "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பதும் ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான். செய்ய வேண்டியது தலைகீழ். சத்தத்தைக் குறைக்கணும், கூட்டத்தை விலக்கணும், பேச்சைச் சுருக்கணும், காத்திருக்கணும்.

இன்னொரு விஷயம். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவற்றை 'ஸ்டிம்மிங்' என்கிறார்கள். பல வீடுகளில் இதைக் கெட்ட பழக்கம் என்று நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆனால் பலருக்கு அதுவேதான் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி. தலையை சுவரில் மோதுவது போலக் காயம் உண்டாக்கும் செயல்களுக்கு மட்டுமே மாற்று தேட வேண்டும். மற்றபடி, ஆடுகிறவரை ஆட விடுவதுதான் உதவி.

நெய்வேலியில் என்ன தனி?

1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 2016 முதல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்கு வந்தவர்களுக்காக, வட்டம் வட்டமாகப் பிரித்து, மரங்கள் வைத்து, திட்டமிட்டுக் கட்டிய ஊர் இந்த நகரியம். அகலமான சாலைகள், தோட்டத்தோடு கூடிய குவார்ட்டர்ஸ் வீடுகள். சென்னையின் நெரிசலான ஒரு தெருவோடு ஒப்பிட்டால், புலன் சுமை குறைவான ஊர் என்றே சொல்லலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு மாலையில் நடந்து போக நிழலும் இடமும் உண்டு.

ஆனால் இந்த ஊருக்கென்று தனிச் சுமைகளும் உண்டு. சுரங்கமும் மின் நிலையமும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகின்றன. வீட்டில் அப்பா ஒரு வாரம் காலை ஷிப்ட், இன்னொரு வாரம் இரவு ஷிப்ட். நாளின் ஒழுங்கு மாறாமல் இருப்பதே பெரிய ஆறுதலாக இருக்கும் பிள்ளைக்கு, அப்பா வீட்டில் இருக்கும் நேரமே மாறிக்கொண்டிருப்பது லேசான விஷயமில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவருக்கு வீடு அமைதியாக இருக்கணும். சத்தமாக ஒலி எழுப்பித் தன்னை ஆற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு அதே நேரத்தில் வாய் மூடணும். இரண்டு பேரின் தேவையும் நியாயம்தான். மோதிக்கொள்வது அந்த இரண்டு நியாயங்கள்.

பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கும் கெட்டிப்பட்ட மண்ணை இளக்க சுரங்கத்தில் வெடி வைக்கப்படுகிறது. ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்களும் மைல் கணக்கில் நீளும் கன்வேயர் பெல்ட்டுகளும் ஓடுகின்றன. இதன் சத்தமும் தூசியும் அதிகம் போய்ச் சேர்வது நகரியத்தின் நடுவில் இருக்கும் வீடுகளுக்கு அல்ல, சுரங்க ஓரத்து கிராமங்களுக்கு. அங்கே ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், நிழல் சாலையும் இல்லை, கம்பெனி ஆஸ்பத்திரியின் வசதியும் எளிதில் கைக்கெட்டாது. பழுப்பு நிலக்கரியின் பலனும் பாரமும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்ற பழைய வாதம், இந்தச் சின்ன விஷயத்திலும் எட்டிப் பார்க்கிறது.

பிறகு திருவிழா நாட்கள். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரம், பக்கத்து வடலூரில் தைப்பூசம், ஆண்டுதோறும் நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி, எல்லாவற்றுக்கும் மேலாக தீபாவளி. ஊரே காத்திருக்கும் இந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன.

அப்பா மாட்டினால் பாதுகாப்பு, மகன் மாட்டினால் வேடிக்கையா?

அனல்மின் நிலையத்திலோ சுரங்கத்திலோ சத்தம் அதிகமுள்ள இடத்தில் வேலை பார்ப்பவர்கள் காது மூடியோ காது அடைப்பானோ போட வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலைச் சட்ட விதிகளின் எல்லை. தலைமுறைகளாகத் தொழில் பாதுகாப்பு பேசிய ஊர் நெய்வேலி. 'சத்தம் உடம்பைக் கெடுக்கும், அதற்குக் கருவி வேண்டும்' என்பது இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

அதே காது மூடியை பத்து வயதுப் பிள்ளை மெயின் பஜாரில் மாட்டிக்கொண்டு நடந்தால் மட்டும் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவனுக்கு அதுவும் பாதுகாப்புக் கருவிதான். பலன் கிடைக்கும் ஆற்றல் சாதனங்களில் மிக எளிமையானதும் இதுதான்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பெரியவர்களுக்கான காது மூடி குழந்தையின் தலைக்குப் பொருந்தாது, அழுத்தமே தொந்தரவாகும். அளவு பார்த்து வாங்கணும். நாள் முழுக்க மாட்டியே இருப்பதும் நல்லதல்ல. காது அந்த அமைதிக்கே பழகி, சாதாரண சத்தம்கூடப் பெரிதாகத் தோன்றக்கூடும். கூட்டம், பட்டாசு, பஸ் பயணம் என்று தேவைப்படும் நேரத்துக்கு வைத்துக்கொள்வதே சரி.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

முதல் வேலை எதையும் வாங்குவதல்ல, கவனிப்பது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்குப் பிறகு பிள்ளை நிலைகுலைகிறது? ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதினாலே ஒரு கோலம் தெரியும். குக்கர் விசிலா, மிக்ஸியா, பள்ளி விட்டு வரும் வேனின் நெரிசலா, பசியா? காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சத்தத்துக்கு: மிக்ஸி போடும் முன் சொல்லிவிடுவது, "மூணு எண்ணுறேன், அப்புறம் சத்தம் வரும்" என்பது போல. எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைவிடக் குறைவாகவே வலிக்கும்.

வெளிச்சத்துக்கு: பழைய சோக் வைத்த டியூப்லைட் மினுக்குவதும் ரீங்காரமிடுவதும் நமக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தெரியும். படிக்கும் அறையில் மினுக்காத எல்.இ.டி. விளக்கு, ஜன்னலுக்குத் தடித்த திரை.

தோலுக்கு: லேபிளைப் பிரித்து எடுத்த, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி உடை. புது யூனிஃபார்மைப் பள்ளி திறக்கும் முன்பே நாலு தடவை துவைத்து வைப்பது பெரிய உதவி.

அசைவுக்கு: ஊஞ்சல். தெரபி மையங்களில் துணியால் ஆன சுருள் ஊஞ்சல் ஒன்று பார்க்கலாம். நம் வீட்டுச் சேலைத் தூளியின் உறவுக்காரன்தான் அது. உடல் முழுவதும் இதமான அழுத்தமும் சீரான ஆட்டமும் சேர்ந்து கிடைக்கும். வளர்ந்த பிள்ளையின் எடையைத் தாங்கும் கொக்கி வேண்டும், பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும், துணி கழுத்தில் சுற்றக் கூடாது.

கைக்கு: அரிசியோ கேழ்வரகோ நிரப்பிய அகலத் தொட்டி, ஈர மணல், சப்பாத்தி மாவு, பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். எதையும் வாயில் போடும் பழக்கம் இருந்தால் கொட்டை வகைகளைத் தவிர்க்கணும்.

வாய்க்கு: சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு மெல்லும் உணர்வு தேவைப்படுகிறது என்று பொருள். வயதுக்கும் மெல்லும் திறனுக்கும் ஏற்ப முறுக்கு, சப்பாத்தி போன்றவை அந்த வேலையைச் செய்யும்.

ஷிப்டுக்கு: வாரக் காலண்டரில் படம். சூரியன் போட்ட நாள் அப்பா பகல் வேலை, நிலா போட்ட நாள் இரவு வேலை. பேச்சு வராத பிள்ளையும் அதைப் பார்த்து நாளைத் தெரிந்துகொள்ளும்.

ஒதுங்க ஒரு மூலை: தனி அறை வேண்டியதில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பாய், தலையணை, பிடித்த போர்வை. அங்கே போனால் யாரும் கூப்பிடக் கூடாது, யாரும் பேசக் கூடாது. இது தண்டனை மூலை அல்ல. கோபத்தில் "போய் மூலையில உட்காரு" என்று ஒருமுறை அனுப்பிவிட்டால்கூட அந்த இடத்தின் பயன் போய்விடும்.

வெயிலுக்கு: தாகம் உணராத பிள்ளைக்கு "தண்ணி வேணுமா?" என்று கேட்டுப் பயனில்லை. மணிக்கொரு முறை டம்ளரை நீட்டுவதுதான் வழி. கடலூர் மாவட்டத்து கத்திரி வெயிலில் இது ஆறுதல் மட்டுமல்ல, உயிர் பாதுகாப்பும்கூட.

எடைப் போர்வை, சென்ஸரி ரூம்... ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் கவனம் தேவை. ஆட்டிசம் என்ற சொல்லைச் சுற்றி ஒரு பெரிய சந்தை உருவாகியிருக்கிறது. ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை போடும் போர்வை, விளக்கு, ஊஞ்சல் என்று எல்லாமே "உங்கள் குழந்தையை மாற்றிவிடும்" என்கின்றன.

அழுத்தம் ஆற்றும் என்பதற்கு அனுபவச் சாட்சிகள் உண்டு. ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மாடுகளுக்கு ஊசி போடும்போது இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் சட்டகத்தை இளம் வயதில் பார்த்து, தனக்கென்று ஓர் அணைப்பு இயந்திரம் செய்துகொண்டார். மனிதர் கட்டிப்பிடித்தால் தாங்க முடியாத அவருக்கு, தானே கூட்டிக் குறைக்கக்கூடிய அழுத்தம் ஆறுதல் தந்தது.

அதே எண்ணத்தில் வந்த எடைப் போர்வையை பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளிடம் சோதித்து 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். சாதாரணப் போர்வையைவிட அது தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. ஆனால் குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வையையே அதிகம் விரும்பினார்கள். அதாவது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், மருந்து என்று நம்பி வாங்க வேண்டாம். ஆபத்தும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008-ல் எடைப் போர்வையில் சுற்றிவைக்கப்பட்ட 9 வயது ஆட்டிசச் சிறுவன் மூச்சுத்திணறி இறந்தான். குழந்தை தானே விலக்க முடியாத எடை கூடாது, முகத்தையும் தலையையும் மூடக் கூடாது, சுற்றிக் கட்டவே கூடாது.

புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சை என்பது அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் 1970-களில் பரப்பிய முறை. ஊஞ்சல், பந்து, ஏணி என்று விளையாட்டாகவே நடக்கும். இதை பிரிட்டனில் 138 குழந்தைகளிடம் வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வில், நடத்தையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குழந்தை ரசிக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போகும் வழிமுறைகள் கிடைக்கின்றன என்றால் அது பயன்தான். கடன் வாங்கிக் கட்டும் அளவுக்கு உத்தரவாதம் மட்டும் யாராலும் தர முடியாது.

சென்ஸரி ரூம் நெதர்லாந்தில் 1970-களில் பிறந்தது. மங்கல் வெளிச்சம், குமிழி விடும் நீர்க்குழாய், மெல்லிய இசை. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 4 முதல் 12 வயது வரை உள்ள ஆட்டிசக் குழந்தைகள் 41 பேரை இப்படி ஓர் அறையில் கவனித்தது. விளக்கையும் ஒலியையும் குழந்தையே மாற்ற முடிந்தபோது கவனம் கூடியது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்தன. குழந்தைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாதபோது அதே அறை அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும். பொருளின் விலையைவிட, சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். கிராண்டினின் இயந்திரமும் அதைத்தான் சொன்னது. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு அறை கட்டி, அதில் குழந்தையைப் பூட்டி வைத்தால் அது சென்ஸரி ரூம் அல்ல, வெறும் சிறை.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றது.

இந்தச் சட்டத்தில் இரண்டு வரையறைகள் இங்கே முக்கியம். ஒன்று 'தடை'. கட்டட அமைப்பு மட்டுமல்ல, சுற்றுச்சூழல், மனப்பான்மை சார்ந்த காரணிகளும் தடைதான் என்கிறது சட்டம். அப்படியானால் தாங்க முடியாத சத்தமும் வெளிச்சமும் சுற்றுச்சூழல் தடை என்று வாதிட முழு இடம் இருக்கிறது. இரண்டாவது 'நியாயமான தகவமைப்பு'. அளவுக்கு மீறிய சுமை இல்லாத வரை, தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். வகுப்பில் காது மூடி போட அனுமதி, பிரேயர் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்க அனுமதி, தேர்வுக்கு அமைதியான தனி அறை போன்றவை யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகைகள் அல்ல.

அரசு நிறுவனங்களில் 4 சதவீத இட ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவினருக்கென 1 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது அதே சட்டம். என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் இதில் அடங்கும். ஆனால் இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. உட்காரும் இடம் தாங்கும்படி இல்லையென்றால் வேலைக்குச் சேர்ந்தவர் நிலைக்க மாட்டார்.

உச்ச நீதிமன்றத்தின் ராஜீவ் ரதூரி வழக்குத் தீர்ப்பு இங்கேதான் வருகிறது. 2017-ம் ஆண்டு விதிகளில் 15-வது விதி, அணுகல் தரநிலைகளை வழிகாட்டுதல் அளவிலேயே நிறுத்திவிட்டது என்று கூறி அதை நீதிமன்றம் செல்லாததாக்கியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரநிலைகளை மூன்று மாதத்தில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தத் தரநிலைகளில் சத்தம், வெளிச்சம், ஒதுங்கும் இடம் ஆகியவையும் இடம்பெறுமா என்பதுதான் ஆட்டிசம் உள்ளவர்களைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி.

பட்டாசு விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே கொஞ்சம் உதவுகிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் அறிவிக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு இது தொல்லையாகத் தெரியலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டில், எப்போது சத்தம் வரும் என்று முன்கூட்டியே தெரிவதே பாதி நிவாரணம். நேரம் மீறி வெடிக்கும் ஒவ்வொரு சரவெடியும் அந்த நிவாரணத்தைப் பறிக்கிறது.

ஒரே ஒரு உத்தரவு போதும் என்ற வாய்ப்பு

சாதாரண ஊரில் பள்ளி ஒருவருடையது, மருத்துவமனை இன்னொருவருடையது, பூங்கா நகராட்சியுடையது. எல்லோரையும் ஒன்றாகச் சம்மதிக்க வைப்பது கஷ்டம். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ், பொது மருத்துவமனை, பூங்கா, பல பள்ளிகள், புத்தகக் கண்காட்சி என்று பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் நிர்வாகத்தில் அல்லது ஆதரவில் இருக்கின்றன. சிறப்புக் குழந்தைகளுக்கென்று என்.எல்.சி. ஆதரவில் 'சினேகா' பள்ளியும் நடக்கிறது. அக்கறை இல்லாத ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் சிறப்புப் பள்ளியின் வாசலைத் தாண்டினால் ஊர் எப்படி இருக்கிறது என்பதே விஷயம்.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் சூப்பர் மார்க்கெட் 2017-ல் 'அமைதி நேரம்' தொடங்கியது. குறிப்பிட்ட ஒரு மணி நேரம் பாட்டு கிடையாது, வெளிச்சம் குறைவு, ஸ்கேனர் ஒலி குறைவு. கத்தாரில் 2022 உலகக் கோப்பை கால்பந்தின்போது சில மைதானங்களில் சென்ஸரி ரூம் அமைத்தார்கள். சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி ஒரு புலன் பூங்கா அமைத்திருக்கிறது.

நெய்வேலியில் இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. புத்தகக் கண்காட்சியின் ஏதாவது இரண்டு நாளில், கூட்டம் சேரும் முன் ஒரு மணி நேரம் ஸ்பீக்கர் இல்லாமல் திறந்து வைக்கலாம். மருத்துவமனையில் இந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல், முன்பதிவு நேரத்தில் நேராக உள்ளே அழைக்கலாம். பூங்காவின் ஓர் ஓரத்தில் பெரியவர்களும் ஆடக்கூடிய உறுதியான ஊஞ்சல் போடலாம். ஊஞ்சல் ஆட வயது எல்லை வைத்தவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் வளர்ந்து பெரியவர்கள் ஆவார்கள் என்பதை மறந்துவிட்டவர்கள்.

குவார்ட்டர்ஸை காலி செய்யும் நாள்

அதிகம் பேசப்படாத பகுதி இது. நிறுவனப் பணியில் இருப்பவருக்கு 60 வயதில் ஓய்வு. அதன் பிறகு குவார்ட்டர்ஸைத் திருப்பித் தர வேண்டும். மற்ற குடும்பங்களுக்கு அது வீடு மாறும் சிரமம். ஆட்டிசம் உள்ள 25 அல்லது 30 வயது மகனோ மகளோ இருக்கும் வீட்டில், அது ஒரு உலகமே இடிந்து விழுவது போல. பிறந்ததிலிருந்து அதே வேப்பமரம், அதே சுவிட்ச் போர்டு, அதே தெருமுனை, தெரிந்த கடைக்காரர். இருபத்தைந்து வருடத்தில் சேர்த்த ஆறுதல் அத்தனையும் அந்த இடத்தோடு பிணைந்தது.

இதற்குக் கடைசி மாதத்தில் தயாராக முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்பே புது இடத்தை முடிவு செய்து, மாதம் ஒரு முறை கூட்டிப்போய் சில மணி நேரம், பிறகு ஓர் இரவு, பிறகு இரண்டு இரவு என்று பழக்கலாம். பழைய அறையின் பாய், போர்வை, ஊஞ்சல் எல்லாம் அதே திசையில், அதே அமைப்பில் அங்கே போய்ச் சேர வேண்டும். புதுசு வாங்கிக் கொடுத்து மகிழ்விக்க நினைப்பது இந்த ஒரு விஷயத்தில் தவறாகிவிடும்.

நிறுவனங்களும் யோசிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள ஊழியருக்கு வீட்டைக் காலி செய்யக் கூடுதல் அவகாசம், ஷிப்ட் ஒதுக்கீட்டில் சற்று நிலையான ஒழுங்கு ஆகியவற்றைப் பரிசீலிப்பது பெரிய செலவில்லை. ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இதே கண்ணோட்டம் நீள வேண்டும். அந்த வீட்டில் தூளி கட்ட உறுதியான உத்தரம்கூட இருக்காது.

எங்கே தொடங்குவது?

சந்தேகம் இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடமோ, ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ தொடங்கலாம். இந்தியாவில் ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. அதன்படி சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும் பெறலாம். தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபியும் அதில் சேரும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், சட்டப்படியான காப்பாளர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவை அணுக வேண்டும். விரிவான மதிப்பீட்டுக்கு சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர் என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்கலாம். தூக்கமில்லாமல், தாங்க முடியாமல் தவிக்கும் பெற்றோருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. ஆற்றுபவரையும் யாராவது ஆற்ற வேண்டுமே.

சுற்றி இருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை கோயிலிலோ கடையிலோ ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், அறிவுரை வேண்டாம், வீடியோ வேண்டவே வேண்டாம். கொஞ்சம் விலகி நின்று வழி விடுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஓடும் ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு அதுதான் சாய்தளம்.